சிவப்பும் நீலமும் களைந்த யாழ்

தகுவாரியில் பிறக்கும் குழந்தைக்குத் திருமுழுக்கு நீர் தலையில் விழுமுன்பே கழுத்தில் கைக்குட்டை விழுந்துவிடும். தந்தை சிவப்பென்றால் சிவப்பு, நீலமென்றால் நீலம். ஆதிப் பாவத்தைக் கழுவுவதற்கு நீர் உண்டு. கைக்குட்டையின் சாயத்தைக் கழுவும் நீர் பராகுவே நாட்டின் எந்த ஆற்றிலும் இதுவரை ஓடவில்லை. அக்குழந்தை வளர்ந்து, மணந்து, மக்களைப் பெற்று, ஒருநாள் பெட்டிக்குள் கிடக்கும்போது பெட்டியின் மேலும் அதே நிறத் துணிதான் விரியும். இடைப்பட்ட காலத்தில் அது என்ன எண்ணியது என்று எவரும் கேட்பதில்லை. கேட்பது மரியாதையும் அன்று.

இரு கட்சிகளுக்கும் கொள்கை உண்டு என்று சொல்லப்படுகிறது. கண்டவர் இல்லை. ஆனால் இரண்டிற்கும் போல்கா என்னும் துள்ளல் பாட்டு தனித்தனியே உண்டு. அதைக் கேளாதவர் இல்லை. சிவப்பர் போல்கா ஒலித்தால் சிவப்பர் எழுவர். நீலர் போல்கா ஒலித்தால் நீலர் எழுவர். அடிவயிற்றிலிருந்து ஓர் ஆர்ப்பு கிளம்பும். ஆர்ப்பைத் தொடர்ந்து இடுப்பிலிருந்து கைத்துப்பாக்கி கிளம்பும். வானை நோக்கிச் சுடுவர். வானத்தோடு எவர்க்கும் பகை இல்லை. பொங்கிய பெருமிதத்தை வைப்பதற்கு அதைவிட அகன்ற இடம் இல்லை, அவ்வளவே. மேலே சென்றது கீழே வரும் என்பதை இரு கட்சிகளின் அறிக்கைகளும் ஏற்றதில்லை, மறுத்ததுமில்லை.

யாழ் வாசிக்கும் எலாதியோவின் கழுத்து மட்டும் வெறுங்கழுத்து. அவன் தந்தையும் யாழ் வாசித்தவர். “ரெண்டு வீட்டுச் சோறும் திங்கணும்னா கழுத்துல ஒண்ணும் கட்டாதீங்கடா” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் போனவர். அதனை அவர்கள் வேதவாக்காகக் கொண்டார்கள். திருமண வீட்டில் சிவப்பர் போல்கா ஒருமுறை என்றால் நீலர் போல்காவும் ஒருமுறை. கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

அவனுக்கு மூத்தவன் சிரிலோ. கேதுரு மரத்தில் குடைந்த பத்தர் என்னும் ஒலிப்பெட்டியும் அன்னத்தின் கழுத்தென வளைந்த கோடு என்னும் தண்டும் உடைய, எலாதியோ கையிலுள்ள அந்த யாழ் முதலில் சிரிலோவுடையது. திருமணம் நிச்சயமானால் ஊரார் முதலில் ஓடுவது பாதிரியாரிடமா சிரிலோவிடமா என்று ஐயம் எழும். பாதிரியார் இல்லாமல் நடந்த திருமணங்கள் தகுவாரியில் உண்டு.

யாழின் நரம்புகள் நெருங்கி நிற்பவை. கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகவே தோன்றும். விரல் வழி தவறாதிருக்க ‘தோ’ என்னும் சுரத்துக்குச் சிவப்பு நரம்பும் ‘ஃபா’ என்னும் சுரத்துக்கு நீல நரம்பும் கட்டுவது வழக்கம். தேவாலயச் சுவரில் தீட்டியுள்ள வானதூதரின் யாழிலும் அவ்வாறே. சிரிலோவிடம் ஒரு குறும்பு இருந்தது. எந்தப் பாட்டை வாசித்தாலும் நடுவே ஓரிடத்தில் சிவப்பையும் நீலத்தையும் ஒருசேரச் சுண்டி விடுவான். இரண்டும் சேர்ந்து அதிர்கையில் யாரோ வாய்விட்டுச் சிரித்தாற்போல் இருக்கும். கேட்டவர் முகமும் மலரும். காரணம் எவர்க்கும் தெரியாது.

ஒரு திருமணத்தில் இரு போல்காக்களும் முடிந்தன. ஆர்ப்பும் வெடியும் அடங்கின. சிரிலோ குனிந்து யாழைத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்போது, மேலே போன தோட்டா ஒன்று தன் வேலையை முடித்துக்கொண்டு திரும்பி வந்தது. அவனுடைய உச்சியில் இறங்கியது.

அது நீலர் போல்காவின் தோட்டா என்றார்கள் சிவப்பர். சிவப்பர் போல்காவின் தோட்டா என்றார்கள் நீலர். உயிரோடிருந்தவரை அவன் கழுத்தில் கட்ட இயலாத துணியைப் பெட்டியின் மேலாவது போர்த்திவிட இரு கட்சித் தலைவர்களும் மடித்த துணியோடு வந்து நின்றார்கள். சிரிலோவின் மனைவி எர்மெலிந்தா சீப்பா ரொட்டி சுட்டு விற்பவள். அடுப்பிலிருந்து ரொட்டியை வாங்கும் நீண்ட மரத்துடுப்போடு அவள் வாசலில் நின்றாள். “உள்ள கால வெச்சீங்க, ரெண்டு பேரு மண்டையிலயும் ஒரே கலருதான் வரும்” என்றாள். தலைவர்கள் முதன்முறையாக ஒருமித்த கருத்துக்கு வந்து திரும்பிச் சென்றார்கள். ரொட்டி பரப்பும் வெள்ளைத் துணியைத்தான் அவள் பெட்டியின் மேல் விரித்தாள்.

அதன்பின் எலாதியோ அண்ணனுக்கென ஒரு பாட்டைக் கட்டினான். சொற்கள் இல்லாத பாட்டு. அதன் நடுவே சிவப்பும் நீலமும் சேர்ந்து சிரிக்கும் இடம் ஒன்று. ஆண்டுக்கொருமுறை, நினைவு நாளில், கல்லறையருகே யாழைச் சாய்த்து அதை வாசிப்பான். எர்மெலிந்தா தலைமுக்காட்டோடு அமர்ந்து கேட்பாள். அந்தச் சிரிப்பு வரும் இடத்தில் மட்டும் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். வேறெங்கும் அவன் அதை வாசித்ததில்லை. கைக்குட்டையுள்ள கூட்டத்தில் அது ஒலிக்காது என்பது அவன் தனக்குத்தானே செய்துகொண்ட நேர்ச்சை.

இவ்வாறிருக்கையில்தான் தலைநகரிலிருந்து தேசியப் பெருமித நடுநிலை மன்றம் தகுவாரிக்கு எழுந்தருளியது.

நாட்டுப்பற்று அளவுக்கு மீறியும் போகாமல், அளவுக்குக் குறைந்தும் போகாமல் காப்பது மன்றத்தின் திருப்பணி. அதன் தலைவர் டாக்டர் எவாரிஸ்தோ. மருத்துவரல்லர், வழக்கறிஞர். அந்நாட்டில் வழக்காடுவோரும் டாக்டர்களே. மன்றத்தின் கட்டடம் ஊர்ச் சதுக்கத்தின் சரிநடுவில் அமைய வேண்டும் என்று அவர் பணித்தார். சரிநடுவில் ஒரு பழைய லபாச்சோ மரம் நின்றது. அதன் பூ இளஞ்சிவப்பு. இளஞ்சிவப்பு என்பது சிவப்பின் இளமைப் பருவமே என்று மன்றம் ஆராய்ந்து கண்டது. மரம் வீழ்ந்தது.

கதவை எத்திசையில் வைப்பது என்னும் வினா அடுத்து எழுந்தது. வடக்கே சிவப்பர் மனை; தெற்கே நீலர் மனை. கிழக்கே தேவாலயம், வைத்தால் மதச்சார்பு. மேற்கே சாராயக்கடை, வைத்தால் அது பற்றியும் பேச்சு வரும். ஆகவே கதவே வைக்கப்படவில்லை. கூரையில் ஒரு திறப்பும், ஏறுவதற்கு ஓர் ஏணியும், இறங்குவதற்கு இன்னோர் ஏணியும் அமைந்தன. மேலிருந்து நுழைவதால் மன்றத்தினர் மற்றவரைவிட உயர்ந்தவர் என்ற பொருள் வந்துவிடுமே என்று ஒருவர் அஞ்சினார். அதனை மன்றம் மறுக்கவில்லை.

திறப்பு விழாவில் டாக்டர் எவாரிஸ்தோ பேசினார். “நான் வலது பக்கமும் இல்லை, இடது பக்கமும் இல்லை. எனக்கு முன்னாடியும் யாரும் இல்லை, பின்னாடியும் யாரும் இல்லை. ஆகவே நான் நடுவுலதான் இருக்கேன்னு அர்த்தம். நம்ம நாட்டுல பெருமைப்பட எவ்வளவோ இருக்கு. அத்தனையும் சொன்னா பக்கத்து நாட்டுக்காரன் வருத்தப்படுவான். சொல்லாம விட்டா நம்மாளு வருத்தப்படுவான். அதனால பாதிப் பெருமையைச் சொல்வோம். எந்தப் பாதின்னு மன்றம் பின்னால அறிவிக்கும்.”

ஊரார் கைதட்டினார்கள். நடுநிலையான கைதட்டலுக்கு ஒரு கை போதும் என்று செயலர் நிமியா அம்மையார் ஒலிபெருக்கியில் நினைவூட்டிய பின் சற்றுக் குழப்பம் நிலவியது.

சிரிலோவின் நினைவு நாளன்று டாக்டர் கல்லறைப் பக்கம் வந்தார்; எவர் எவருக்கு எந்த நிறத்தில் கல்லறை என்று பார்வையிடும் பணி. பாட்டைக் கேட்டு நின்றார். முடிந்தபோது அவர் ஒரு கண்ணால் அழுதுகொண்டிருந்தார். மற்றக் கண் சூழலைக் கவனித்துக்கொண்டிருந்தது.

“மாஸ்ட்ரோ, இது எந்தக் கட்சிப் பாட்டு?”

“கட்சி இல்லீங்க டாக்டர். எங்க அண்ணன் பாட்டு.”

“இதுக்கு யாராச்சும் சுட்டிருக்காங்களா?”

“கல்லறையில வந்து யாருங்க சுடுவாங்க? செத்தவங்கள மறுபடி சுடவா?”

டாக்டர் அவன் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். “இதைத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன். மே மாசம் விடுதலை நாள் வருது. சதுக்கத்துல சிவப்பும் நீலமும் தோளோட தோள் நின்னு இந்தப் பாட்டைக் கேக்கணும். ஒருத்தனும் கத்த மாட்டான். ஒரு தோட்டா வெடிக்காது. எங்கம்மா மேல சத்தியம்.”

அவருடைய அன்னை இறந்து நெடுநாளாயிற்று என்பது எலாதியோவுக்குப் பின்னரே தெரிய வந்தது. அப்போதைக்கு அவன் நெஞ்சில் ஒரே காட்சி: அண்ணனின் சிரிப்பு சதுக்கத்தில் ஒலிக்கிறது; இரு கைக்குட்டைக்காரரும் கேட்கிறார்கள்; வானத்திலிருந்து எதுவும் விழவில்லை. அந்த ஒன்றுக்காக நேர்ச்சையை மீறலாம் என்று அவன் நினைத்தான்.

எர்மெலிந்தா மண் அடுப்பின் வாயைச் சாம்பலால் மெழுகிக்கொண்டே கேட்டாள். “கொழுந்தனாரே, ஒத்தக் கண்ணால அழுவுறவன நம்பலாமா?”

“இல்ல அண்ணி, நல்ல மனுசன். ரெண்டு பக்கமும் சேராதவரு.”

“ரெண்டு பக்கமும் சேராததுக்கு நீங்களும் உங்கண்ணனும் போதாதா? அதுக்கு ஒரு கட்டடம் வேற, ஏணி வேற.” அடுப்பின் வாயை மெழுகி முடித்தாள். “சரி. குடுக்கிறதுன்னா குடுங்க. ஆனா வாசிக்கிறதுக்கு முன்னாடி அவரு பேரச் சத்தமாச் சொல்லணும். இன்ன மாதிரி சிரிலோன்னு ஒருத்தன், உங்க ஆட்டத்துல செத்தான்னு. அதச் சொல்லச் சொல்லுங்க.”

டாக்டர் அதற்கும் ஒப்பினார். அதற்கும் அன்னையின் மேல் ஆணையிட்டார்.

பாட்டை மன்றத்தின் முன் ஆய்வுக்கு வைக்க வேண்டியது முறை. எலாதியோ யாழைக் கயிற்றில் கட்டி ஏணிவழி ஏற்றி, கூரைத் திறப்பின்வழி இறக்கினான். உள்ளே டாக்டரும் நிமியா அம்மையாரும் பேராசிரியர் ஒனோப்ரேயும் அமர்ந்திருந்தார்கள். பேராசிரியர் இளமையில் தீவிர இடதுசாரி; நடுவயதில் தீவிர வலதுசாரி; இப்போது இரண்டின் சராசரி. மூலிகைத் தூளில் குளிர்நீர் ஊற்றி எல்லோரும் மாறி மாறி உறிஞ்சிக் குடிக்கும் மாட்டுக்கொம்புக் குவளை கைமாறிக்கொண்டிருந்தது. அதனை வலமிருந்து இடமாகச் சுற்றுவதா இடமிருந்து வலமாகச் சுற்றுவதா என்பது முடிவாகாததால் அது டாக்டரிடமிருந்து நிமியாவுக்கும் நிமியாவிடமிருந்து டாக்டருக்கும் மட்டுமே போய்வந்தது. பேராசிரியர் வறண்ட நாவோடு இருந்தார்.

எலாதியோ வாசித்தான். சிரிப்பு வந்த இடத்தில் நிமியா அம்மையார் தம்மையறியாமல் புன்னகைத்தார்; உடனே திருத்திக்கொண்டார்.

பேராசிரியர் கனைத்தார். “நான் ஒண்ணு கவனிச்சேன். இடது கை கீழ இருக்கிற தடிச்ச நரம்ப அடிச்சு அடிச்சு உழைக்குது. வலது கை மேல சொகுசா ஆடுது. பேரு யாருக்குப் போகுது? வலது கைக்கு. இது வர்க்கச் சுரண்டல் இல்லாம வேற என்ன?” சற்று நிறுத்தினார். “இன்னொரு கோணத்துல பாத்தா, வலது கை சொந்த முயற்சியால மேல போயிருக்கு. இடது கை அதப் பாத்துப் பொறாமைப்படுது. ரெண்டுமே ஆபத்து.”

“யாழுன்னா அப்படித்தாங்க,” என்றான் எலாதியோ. “ரெண்டு கையும் வேணும்.”

“வேணாம்னு யாரு சொன்னா? ரெண்டும் நடுவுல இருக்கட்டும்,” என்றார் டாக்டர்.

அன்று முதல் அவனுடைய இரு கைகளும் யாழின் நடுப்பகுதியை விட்டு நீங்கலாகாது என்று தீர்மானமாயிற்று. இரு கைகளும் ஒரே இடத்தில் மோதிக்கொண்டன. இதைத்தான் தேசிய ஒருமைப்பாடு என்கிறோம் என்று பேராசிரியர் விளக்கினார்.

அடுத்த அமர்வில் நிமியா அம்மையாரின் கண் நரம்புகளின் மேல் விழுந்தது. விழுந்த கண் விரிந்தது.

“டாக்டர்! இங்க சிவப்பு இருக்கு! அந்தப் பக்கம் நீலம்!”

இரு கட்சிகளும் இத்தனை காலம் ஒரே கருவிக்குள் ஒளிந்திருந்ததை எண்ணி மன்றம் திகைத்தது.

“அது கட்சி இல்லீங்கம்மா, அடையாளம்,” என்றான் எலாதியோ. “எல்லா யாழுலயும் இருக்கும். கோயில்ல வானதூதர் கையில இருக்கிறதுல கூட இருக்கு.”

இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவன் பின்னர் வருந்தினான். மறுநாளே வண்ணம் பூசுபவர் ஒருவர் தேவாலயத்துக்கு அனுப்பப்பட்டார். வானதூதரின் யாழ் சாம்பல் நிறமாயிற்று. அவர் தூரிகையைத் தாராளமாக வீசுபவராதலால் வானதூதரின் விரல்களும் சாம்பல் நிறமாயின.

“சாயம் பூசிக்கலாமுங்களா? வெள்ளையா ஆக்கிடுறேன்,” என்று எலாதியோ மன்றாடினான்.

“வெள்ளையா? வெள்ளைன்னா சரணடையறது,” என்றார் டாக்டர். “கருப்புன்னா துக்கம். பச்சைன்னா காட்டுல ஒளிஞ்சிருந்த கொரில்லாப் படை ஞாபகம் வரும். நிறமே இல்லேன்னா கொள்கை இல்லாதவன்னு அர்த்தம். யோசிச்சுப் பாருங்க மாஸ்ட்ரோ. அந்த நரம்புங்க இல்லாமலே இருந்திட்டா?”

“டாக்டர், அதுங்க இல்லேன்னா நான் எங்க இருக்கேன்னே எனக்குத் தெரியாதுங்களே. கை வழி தவறிப் போயிடும்.”

டாக்டர் கனிவோடு சிரித்தார். “எங்க இருக்கோம்னு தெரியாம நிக்கிறதுதான் தம்பி நடுநிலை. எனக்கு மட்டும் தெரியுமா? முப்பது வருசமா நிக்கிறேன். விழலையே?”

சிவப்பு நரம்புகளும் நீல நரம்புகளும் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டன. முன்பல்லும் கடைவாய்ப்பல்லும் இழந்த வாய்போல் யாழ் நின்றது. பாட்டில் ‘தோ’வும் இல்லை, ‘ஃபா’வும் இல்லை. சிரிப்பு இருந்த இடத்தில் ஒரு சிறு காலியிடம். அக்காலியிடம் மிகவும் பண்பட்டது என்று மன்றம் பாராட்டியது. எலாதியோ கழற்றிய நரம்புகளைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு சென்றான். சென்று, மன்றம் கேட்டபடியே, காலியிடம் வரும்போது விரல் தயங்காமல் தாண்டிப் போகும்வரை நாள்தோறும் பழகினான்.

எர்மெலிந்தா பக்கத்து வீட்டிலிருந்து கேட்டாள். மூன்றாம் நாள் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள்.

“யாரு பாட்டு இது?”

“அண்ணன் பாட்டுதான்.”

“எங்க வீட்டுக்காரரு திக்குவாய் இல்லியே.”

“அண்ணி, கொஞ்சம் பொறுத்துக்கங்க. என்ன எடுத்தாலும் பரவாயில்ல. யாரும் சுட மாட்டாங்க. அது நடந்தாப் போதும்ல?”

அவள் அவனையும் யாழையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஆளத்தான் கொன்னாங்கன்னு பாத்தேன்,” என்று சொல்லிவிட்டு மாவு பிசையப் போய்விட்டாள்.

விடுதலை நாள் வந்தது. சதுக்கத்தின் வடக்கே சிவப்பர், தெற்கே நீலர். நடுவில் மேடை. மேடையைச் சுற்றித் தலைநகரிலிருந்து பேருந்துகளில் வந்திறங்கிய கூட்டம் ஒன்று நின்றது. அவர்களுடைய கழுத்துகளில் புத்தம்புதிய சாம்பல்நிறக் கைக்குட்டைகள். எலாதியோ அவற்றைப் பார்த்தான். மே மாதத்தில் அங்கே குளிர் தொடங்கும்; அதற்காகக் கட்டியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நம்பிக்கை கொண்டவனுக்குக் காரணங்களுக்குக் குறைவேது? எர்மெலிந்தா சீப்பாக் கூடையைத் தலையில் சுமந்து மேடையின் அருகிலேயே நின்றாள். விற்பதற்கு அன்று, பெயரைக் கேட்பதற்கு.

நிமியா அம்மையார் ஒலிவாங்கியைப் பற்றினார். “இப்பொழுது ஒலிக்கவிருக்கும் இசை, இரு போல்காக்களுக்கு இடையே இயற்கை எய்திய ஒரு குடிமகனின் நினைவாக.”

“பேரு சிரிலோ!” என்று கத்தினாள் எர்மெலிந்தா. “இயற்கை இல்ல, தோட்டா! பேரச் சொல்லுங்க!”

“அம்மா, தயவுசெஞ்சு நடுத்தரமான குரல்ல பேசுங்க,” என்றார் நிமியா அம்மையார். பிறகு எலாதியோவின் பக்கம் குனிந்து, “உங்கண்ணனுக்கு ஞானத்தகப்பன் சிவப்புக்காரராமே. பேரச் சொன்னா சாய்வு ஆயிடும்,” என்று காதோடு சொன்னார்.

டாக்டர் எவாரிஸ்தோ எழுந்தார். அவருடைய கழுத்திலும் சாம்பல் நிறம்.

“அன்பார்ந்த பெருமக்களே! நம் நாடு மிகச் சிறந்த நாடு, ஓரளவுக்கு. நம் மக்கள் வீரம் செறிந்தவர்கள், சூழ்நிலையைப் பொறுத்து. நடுத்தரமாக இருப்பதில் நம்மை வெல்ல இவ்வுலகில் எவரும் இல்லை! நான் பதவியை விரும்பாதவன் என்பது உங்களுக்குத் தெரியும். பதவியை வெறுப்பதும் ஒருவகைத் தீவிரம் என்று என் மனச்சான்று என்னிடம் சொல்லிற்று. ஆகவே இன்று நடுநிலைக் கட்சியைத் தொடங்குகிறேன். நகரத் தலைவர் தேர்தலில் நானே நிற்கிறேன். சிவப்பு நண்பர்களும் நீல நண்பர்களும் நமக்கு ஆதரவு தந்திருக்கிறார்கள். யாருக்கு எந்தப் பதவி என்பதில் இம்மி அளவும் ஒரு பக்கம் சாயவில்லை. நமக்கும் ஒரு போல்கா வேண்டுமல்லவா? அதோ, மாஸ்ட்ரோ எலாதியோ இயற்றித் தந்த நம் கட்சியின் போல்கா!”

பேருந்துகளில் வந்தவர்கள் இடுப்பில் கைவைப்பதை எலாதியோ கண்டான். யாழை அங்கேயே நிறுத்திவிட்டு மேடையின் நடுவுக்கு ஓடினான்.

“டாக்டர், சுட மாட்டாங்கன்னீங்களே! உங்கம்மா மேல சத்தியம் பண்ணீங்களே!”

டாக்டர் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “சுடவே கூடாதுங்கிறது தீவிரவாதம் மாஸ்ட்ரோ. கண்டபடி சுடறதும் தீவிரவாதம். மன்றம் இதைப் பத்தி ரொம்ப நாள் யோசிச்சிருக்கு. மேல சுட்டா எங்க விழும்னு தெரியாது. உங்கண்ணன் விசயத்துல அதானே நடந்துது? அதை மறுபடி நடக்க விடுவேனா? கீழ சுட்டா தாய்மண்ணுக்கு அவமானம். அதனால உங்கண்ணனை மனசுல வெச்சுத்தான் ஒரு விதி போட்டிருக்கோம். மேலயும் இல்ல, கீழயும் இல்ல.” கையைத் தம் மார்பளவுக்கு நீட்டிக் காட்டினார். “நடு மட்டம்.”

எலாதியோ அந்தக் கையைப் பார்த்தான். அது காட்டிய உயரத்தில் ஊரார் அனைவருடைய நெஞ்சும் இருந்தது.

“நான் வாசிக்க மாட்டேன்.”

“நீங்க வாசிக்கவே வேண்டாம்,” என்று டாக்டர் அவன் தோளில் தட்டினார். “கடைசி ஆய்வு நடந்தப்பவே பதிவு பண்ணிட்டோம்.”

ஒலிபெருக்கியிலிருந்து எலாதியோவின் இரு கைகளும் அவனில்லாமலே வாசிக்கத் தொடங்கின. ‘தோ’வும் ‘ஃபா’வும் இல்லாத பாட்டு சதுக்கத்தை நிறைத்தது. சிரிப்பு இருந்த காலியிடம் வந்தது. அந்தச் சிறு மௌனத்தை ஆர்ப்பதற்கெனவே விட்ட இடம் என்று சாம்பல் கூட்டம் கருதிற்று. அடிவயிற்றிலிருந்து ஆர்ப்பு எழுந்தது. எர்மெலிந்தா இன்னும் பெயரைக் கத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய வாய் அசைவது மட்டும் தெரிந்தது. துப்பாக்கிகள் விதிப்படி, மார்பளவில், கிடையாக நீண்டன.

பிறகு நிகழ்ந்தது பெருமளவுக்கு ஓட்டம். சிவப்பரும் நீலரும் வாழ்வில் முதன்முறையாக ஒரே திசையில் ஓடினார்கள். சாராயக்கடையின் கண்ணாடிகள் போயின. நீலர் தலைவருடைய தொப்பி போயிற்று. எர்மெலிந்தாவின் கூடை கவிழ்ந்து சீப்பாக்கள் புழுதியில் உருண்டன. ஒரு தோட்டா, மேடையில் தனியே நின்ற யாழுக்குள் புகுந்து, நரம்புகளின் ஊடே சென்று, கேதுருப் பத்தரைத் துளைத்து மறுபுறம் வந்தது. மனிதர் எவரும் சாகவில்லை. மன்றம் இதனைத் தன் முதல் சாதனையாக அறிவித்தது.

யாழைப் பற்றியும் ஒரு தீர்மானம் நிறைவேறியது. தோட்டா சென்ற வழி, சிவப்பு நரம்பும் நீல நரம்பும் முன்பு இருந்த இடைவெளி என்று ஆய்வில் தெரிய வந்தது. மன்றம் முன்னறிவோடு அவற்றைக் களைந்திருந்தமையால் ஒரு நரம்பும் அறுபடவில்லை. இதற்காக மன்றம் தன்னைத் தானே பாராட்டிக்கொண்டது; நடுநிலையான அளவில். அத்தேர்தலில் டாக்டர் எவாரிஸ்தோ வென்றார்.

இப்போது தகுவாரித் திருமணங்களில் போல்காக்கள் மூன்று. சிவப்புக்கும் நீலத்துக்கும் வானை நோக்கிச் சுடுகிறார்கள். மூன்றாவது போல்கா தொடங்கினால் விவரமறிந்த விருந்தினர் மேசைக்கடியில் அமர்ந்துகொள்கிறார்கள். எலாதியோவை எவரும் அழைப்பதில்லை. ஒருவகையில் அவனே அந்தக் கட்சியின் பாட்டைக் கட்டியவன். ஆகையால் சிவப்பர் அழையார், நீலர் அழையார். மன்றத்தார்க்கோ பதிவு இருக்கிறது. தெருவில் அவனைக் காணும் பிள்ளைகள், வெறுங்கழுத்தைச் சுட்டி, “சாம்பக் கட்சி மாமா” என்கிறார்கள்.

அடுத்த நினைவு நாள் வந்தது. அவன் பத்தரின் துளையைத் தோலால் அடைத்திருந்தான். சட்டைப்பையில் சுருட்டி வைத்த நரம்புகளை எடுத்து, சிவப்பைச் சிவப்பின் இடத்திலும் நீலத்தை நீலத்தின் இடத்திலும் முறுக்கிக் கட்டினான். ஒவ்வொன்றாகச் சுருதி சேர்த்தான். ஒவ்வொன்றும் அப்பழுக்கின்றி ஒலித்தது. கல்லறைக்கு யாழைச் சுமந்து சென்றபோது எர்மெலிந்தா முக்காட்டோடு முன்பே அமர்ந்திருந்தாள். அவள் வருவாளோ மாட்டாளோ என்று அவன் அஞ்சியிருந்தான்.

“எல்லாத்தயும் கட்டிட்டேன் அண்ணி.”

“ம். வாசிங்க.”

வாசித்தான். இடக்கை கீழே தன் உழைப்புக்கும் வலக்கை மேலே தன் ஆட்டத்துக்கும் திரும்பின. பாட்டு ஏறியது. அந்த இடம் நெருங்கியபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பாட்டு அந்த இடத்தைக் கடந்து சென்றது.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. “கொழுந்தனாரே,” என்றாள் மெதுவாக. “கட்டிட்டேன்னீங்களே.”

எலாதியோ கையை நிறுத்தினான். யாழைப் பார்த்தான். சிவப்பு நரம்பு இருந்தது. இறுகி, வெயிலில் மின்னியது. நீல நரம்பும் இருந்தது. மறுபடி தொடக்கத்திலிருந்து வாசித்தான். விரல்களைக் கண்ணால் காவல் காத்தபடி வாசித்தான். அந்த இடம் வந்தது. அவனுடைய விரல்கள், பழகியவாறே, தயங்காமல், மிகவும் பண்போடு, இரண்டையும் தாண்டிப் போயின.